பால் போதுகிறதா?

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் ரோட்டில், அத்திப்பள்ளிக்கு முன்னால் இருக்கிறது சந்தாபுரா. பிழைக்க வந்த நம்மவர்கள் இங்கே நிறையப் பேர். பிள்ளை பெற்றவள் இங்கே, அவள் அம்மா சேலத்திலோ தருமபுரியிலோ. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை வீறிட்டால் யாரைக் கேட்பது? ஒருவர் சர்க்கரைத் தண்ணி வை என்பார், இன்னொருவர் பால்மாவு டப்பாவை நீட்டுவார். இரண்டும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும்.

கேட்பதற்கு ஆள் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பிரசவமானால் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் 'ஆஷா' சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது அரசு ஏற்பாடு. வரவில்லையா? அங்கன்வாடியில் போய்க் கேளுங்கள். வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு ரணம், பிள்ளைக்கு அரைவயிறு. வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தில் பெரும்பகுதி உள்ளே போகணும். முகவாய் மார்பில் படியணும்.

பால் போதவில்லை என்று மாமியார் சொல்கிறாரா? குழந்தை நனைக்கும் துணியை எண்ணுங்கள். முதல் வாரம் முடிகையில் நாளுக்கு ஆறு தடவையாவது ஈரமாகி, எடையும் ஏறினால் பால் போதுகிறது.

இலவசப் பால்மாவு டப்பா நீட்டுகிற கம்பெனிக்காரரிடம், அது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று தாராளமாகச் சொல்லலாம். மார்பு சிவந்து காய்ச்சல் அடித்தாலோ, குழந்தை குடிக்காமல் துவண்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.