தலைமுடிக்காகக் கடல் கடக்குமுன்



சென்ற ஆண்டு சித்திரை மாதத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளவத்தையிலிருந்து என் தமக்கையார் நுகேகொடையிலுள்ள எனது இல்லத்திற்கு வந்தார். அமருமுன்னரே கைப்பையைத் திறந்து, கைக்குட்டையிற் சுற்றிய இரண்டு காப்புகளை மேசைமீது வைத்து, "தம்பி, இவற்றை அடகு வைத்தால் எவ்வளவு பெறலாம்?" என்று வினவினார். வீட்டில் யாருக்கேனும் பெருநோயோ என்று நான் திடுக்கிட்டேன். நோய் ஒன்றுமில்லை, மகனின் தலையிலே முடியில்லை என்பதே செய்தி.

என் மருமகனுக்கு அப்போது வயது இருபத்து நான்கு. கணக்காய்வு நிறுவனமொன்றிலே பணிபுரிகிறான். இருபதாம் வயதிலேயே நெற்றியின் இருமருங்கும் முடி பின்வாங்கத் தொடங்கி, உச்சியும் ஐதாகிவிட்டது. தை மாதத்திலே திருமணம் செய்வதென்று யாழ்ப்பாணத்தில் ஓரிடத்திற் பேசியிருந்தனர். பெண் வீட்டார் அவனை நேரிற் கண்டதில்லை, படத்தையே கண்டிருந்தனர். அப்படமோ மூன்றாண்டுகளுக்கு முந்தியது! இந்த இடர்ப்பாட்டிலிருந்து தப்புவதற்காக, அவன் தன் தலையை நான்கு பக்கமும் படமெடுத்து, இஸ்தான்புல் நகரத்திலுள்ள ஒரு நிலையத்திற்குக் கைத்தொலைபேசி மூலம் அனுப்பியிருக்கிறான். பத்து நிமிடத்திலே விடை வந்துவிட்டது. நான்காயிரத்து ஐந்நூறு முடிவேர்களை நடலாம். மூன்றிரவு விடுதியும் வாகனமும் அத்தொகையுள் அடங்கும். ஒரு வாரத்துள் முற்பணம் செலுத்தினாற் சலுகையுண்டு என்பது அவ்விடை.

மாலையில் அவனை வரவழைத்தேன். "உனக்கு என்ன நோய் உண்டென்று கேட்டார்களா?" என்றேன். "இல்லை, மாமா." "என்ன மருந்து உட்கொள்கிறாய் என்று?" "இல்லை." "உன் வயதையாவது?" அதையும் கேட்கவில்லை. "சரி, உன் தலையிலே கருவியை வைக்கப்போகிறவரின் பெயர் என்ன?" என்றதற்கு, மடலின் அடியிலிருந்த பெயரைக் காட்டினான். அப்பெயருக்குக் கீழே 'ஆலோசகர்' என்றிருந்ததேயன்றி வைத்தியர் என்றில்லை. முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான்; விடைத்தாளைப் பாராமலே புள்ளியிட்ட பரீட்சகரை அன்றுதான் கண்டேன்.

முடி நடும் சிகிச்சையைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. அது மெய்யான வைத்தியம். அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. யப்பானிலே ஒக்குடா என்னும் வைத்தியர், தீக்காயத்தாலும் வடுவாலும் முடியிழந்த இடங்களில் முடியுள்ள தோற்றுணுக்குகளை நட்டுக் கண்ட பயனை 1939ஆம் ஆண்டிலே வெளியிட்டார். உலக யுத்தம் மூண்டமையாலும், கட்டுரை யப்பானிய மொழியில் இருந்தமையாலும், மேலைநாட்டார் அதனை நெடுங்காலம் அறிந்திலர். பின்னர் 1952இல் நியூயோர்க்கிலே நோர்மன் ஓரன்றைக் என்பவர் பரம்பரை வழுக்கைக்கு இம்முறையைக் கையாண்டு, 1959இலே அதனை வெளியிட்டார். அவர் கண்ட உண்மை எளியது. பின்மண்டையிலுள்ள முடி, எங்கே கொண்டுபோய் நட்டாலும் தன் பிறந்தவிடத்துக் குணத்தையே காட்டும். பின்மண்டை முடி முதுமைவரை நிற்பதாயின், அதனை நெற்றியில் நட்டாலும் பெரும்பாலும் நிற்கும். இன்று செய்யப்படுவதெல்லாம் இவ்வுண்மையின் மீது எழுந்ததே. அக்காலத்தில் நாலு மில்லிமீற்றர் அகலத் துண்டங்களாக நட்டமையால், தலை பொம்மையின் தலைபோற் காட்சியளித்தது. இக்காலத்திலோ ஒன்று முதல் நான்கு மயிர் கொண்ட நுண்ணிய வேர்த்தொகுதியாகவே எடுத்து நடுகின்றனர். அதனை ஆங்கிலத்திலே கிராஃப்ட் என்பர். நெல் விளையும் நாட்டவராகிய நாம் நாற்று என்றே சொல்லலாம்.

ஆயினும் இந்த உவமையிலே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. நெல் நாற்றைப் பிடுங்கிய மேடையிலே மறுபோகத்துக்கு மீண்டும் விதைக்கலாம். தலையிலோ, பிடுங்கிய இடத்தில் மறுபடியும் முளைப்பதில்லை. ஒருவருடைய வாழ்நாள் முழுவதிலும் பின்மண்டையிலிருந்து குறையின்றி எடுக்கக்கூடிய நாற்றுகள், பெரும்பாலானோர்க்கு ஐயாயிரத்திலிருந்து எண்ணாயிரம் வரையே என்பர். அதற்குமேல் எடுத்தால் பின்தலை கறையான் அரித்த துணிபோல் ஆகிவிடும். இப்போது என் மருமகனின் கணக்கைப் பாருங்கள். இருபத்து நான்கு வயதில் நான்காயிரத்து ஐந்நூறைச் செலவழித்துவிட்டால், நாற்பதிலும் ஐம்பதிலும் உச்சி வெறுமையாகும்போது கையிருப்பு என்ன? நெற்றியில் நட்ட முடி மட்டும் நிற்க, அதன் பின்னாலுள்ள சொந்த முடி உதிர்ந்து போனால், கடலின் நடுவே தீவுபோல் ஒரு பட்டை எஞ்சும். பத்து நிமிடத்தில் விடையனுப்பிய ஆலோசகருக்கு அந்த ஐம்பதாம் வயதைப்பற்றி என்ன கவலை?

காப்புகளைத் தமக்கையாரிடமே திருப்பிக் கொடுத்தேன். பாடசாலை விடுமுறை வந்ததும், மருமகனை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டேன். கொழும்பிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. ஆயினும் சென்னையில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரை எங்கள் குடும்ப வைத்தியர் நன்கு அறிவார். கட்டுநாயக்காவிலிருந்து சென்னை ஒன்றரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணமே. சத்திரசிகிச்சைக்கென்று அல்ல, ஆலோசனைக்கென்றே போகிறோம் என்று மருமகனிடம் முதலிலேயே கூறிவிட்டேன். ஒரே பயணத்தில் ஆலோசனை காலையிலும் சத்திரசிகிச்சை பிற்பகலிலுமாக ஒழுங்கு செய்துகொண்டு போகிறவர்களும் உண்டு. பணமும் விமானச்சீட்டும் முடிந்த பின்னர், "வேண்டாம்" என்று சொல்ல வைத்தியருக்கும் மனம் வராது. கேட்க நோயாளிக்கும் மனம் வராது.

அந்நிபுணர் அறுபதை அண்மித்த பெரியவர். முதலில் தலையைத் தொடவே இல்லை. நீரிழிவு உண்டா, குருதியமுக்கம் உண்டா, காயம் பட்டால் இரத்தம் விரைவில் நிற்குமா, புகைப்பழக்கம் உண்டா, எந்த மருந்துக்கு ஒவ்வாமை உண்டு என்று கால் மணி நேரம் வினவினார். பின்னரே பூதக்கண்ணாடி போன்ற ஒரு கருவியால் தலையை நுணுகிப் பார்த்தார். புழுவெட்டோ, தோலழற்சியால் வேர் அழியும் நோயோ இருந்தால் நடும் முடியும் வீணாகுமாம். இரும்புச்சத்துக் குறைவாலும் தைரொயிட் கோளாற்றாலும் உதிர்வதாயின் அதற்குச் சத்திரசிகிச்சையே வேண்டாமாம். அவை ஒன்றுமில்லை எனக் கண்டபின், "தந்தையாருக்கு முடி எப்படி?" என்றார். அத்தானுக்கு எழுபது வயதிலும் அடர்ந்த முடி. "தாய்மாமன் எவரேனும் உண்டா?" என்றார். என் மருமகன் வாய்திறவாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நேயர்களே, என் தலையை நீங்கள் காணவில்லை. ஆதலால் சொல்லிவிடுகிறேன்: காதுகளுக்கு மேலே ஒரு வேலி உண்டு, மற்றதெல்லாம் வெட்டவெளி. வைத்தியர் என்னை விளக்கின் கீழ் அமர்த்தி, அதே கருவியால் என் தலையையும் ஆராய்ந்தார். ஆண்மை ஓமோனுக்கு முடிவேர் எவ்வளவு இணங்கும் என்பதை நிர்ணயிக்கும் பரம்பரையலகுகளுள் முக்கியமான ஒன்று, தாயிடமிருந்து வரும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறதாம். தந்தை வழியும் சேருவதால், மாமன் தலையே மருமகன் தலை என்று அறுதியிட இயலாது. இருந்தும், முப்பது ஆண்டுகளின் பின் வரக்கூடியதைக் காட்டும் படமொன்று தம் அறைக்குள்ளேயே வந்து அமர்ந்திருக்கும்போது, அதைப் பாராமல் விடுவானேன் என்றார் அவர். நோர்வூட் என்னும் அமெரிக்க வைத்தியர் 1975இல் வகுத்த ஏழு படிகளிலே, மருமகன் மூன்றாம் படியில் நிற்பதாகவும், நான் ஏழாம் படியை எட்டிவிட்டதாகவும் குறித்துக்கொண்டார்.

அதன் பின்பு அவர் சொன்ன தீர்ப்பு இதுதான்: "இப்போது செய்ய மாட்டேன். இந்த வயதில் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஓராண்டு மருந்து எடுத்துக்கொண்டு மறுபடியும் வாருங்கள்." மருமகனின் முகம் வாடியது. தையில் திருமணம் என்று மெல்லச் சொன்னான். வைத்தியர் நகைத்து, "நாளையே நட்டாலும் தையில் உமக்கு முடி இராது" என்றார். நட்ட மயிர் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். வேர் மட்டும் உறங்கும். மூன்று நான்கு மாதத்தின் பின்னரே புதுமுடி தலைகாட்டும். முழுப்பயனைக் காண ஓராண்டு செல்லும். இஸ்தான்புல் மடலிலே இந்தக் கணக்கு ஒரு வரியிலும் இருக்கவில்லை.

மருந்துகளைப்பற்றியும் ஒளியாமற் பேசினார். மினொக்சிடில் தலையிற் பூசுவது, பினாஸ்ரரைட் உட்கொள்வது. பின்னையது ஆண்வழுக்கைக்கென 1997இலே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்கு அது தாம்பத்திய உறவிற் குறையையும் மனச்சோர்வையும் உண்டாக்கக்கூடும் என்றும், அவ்வாறாயின் உடனே அறிவிக்க வேண்டும் என்றும், மனைவி கருவுற்றிருக்குங்கால் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடலாகாது என்றும் அவர் கூறினார். தாய்மாமனை வெளியே அனுப்பாமலே இவற்றைப் பேசியது எனக்குச் சிறிது கூச்சமாக இருந்தது. ஆயினும் பேசியது நன்றே.

இறுதியில் நான் ஒரு வினாவை எழுப்பினேன். "ஐயா, தாங்கள் செய்வதாயின், எந்தப் பகுதியைத் தாங்களே செய்வீர்கள்?" வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் அல்லவா? நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன அவை. முடி நடும் தொழிலிலே இந்த நான்காமவர் மெல்ல மெல்ல இரண்டாமவரின் ஆசனத்தில் ஏறிவிட்டார். பல நாடுகளில், வைத்தியர் நெற்றியிலே கோடு வரைந்துவிட்டுப் போய்விட, துளைப்பதையும் எடுப்பதையும் பயிற்சி குறைந்த உதவியாளரே செய்கின்றனர். முடி மறுசீரமைப்புச் சத்திரசிகிச்சையாளரின் பன்னாட்டுச் சங்கம் இதனைக் குறித்து உலகமெங்கும் எச்சரித்து வருகிறது. எங்கள் வைத்தியர், முடிக்கோடு வரைதலும், விறைப்பூசி போடுதலும், பின்மண்டையிற் துளையிடுதலும், நடுமிடத்திற் கீறுதலும் தம் கையாலேயே என்றும், நாற்றை இடுவதில் மட்டும் தம் கண்முன் தாதியர் உதவுவர் என்றும் விடை தந்தார். கேட்டதற்காக அவர் கோபிக்கவில்லை.

அவ்வினாவை நான் எழுப்பியதற்குக் காரணம் உண்டு. அதே சென்னை மாநகரிலே, 2016ஆம் ஆண்டு மே மாதம், மருத்துவம் பயின்ற ஒரு மாணவர் முடிமாற்றுச் சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்தார். அந்நிலையத்திற்கு முடிதிருத்தகம் நடத்தும் அனுமதியே இருந்ததென்று பின்னர் வெளிவந்தது. மருத்துவம் கற்றவரே ஏமாந்த இடத்திலே மற்றையோர் எம்மாத்திரம்? தோலளவில் நடக்கும் சிறு காரியந்தானே என்று எண்ணுகிறோம். ஆனால் ஆறு, எட்டு மணி நேரம் திரும்பத் திரும்ப விறைப்பூசி போடப்படுகிறது. லிக்னொகெயின் என்னும் அம்மருந்துக்கு உடல் எடைக்கேற்ற எல்லை உண்டு. அட்ரினலின் கலந்து கொடுப்பினும் ஒரு கிலோகிராமுக்கு 7 மில்லிகிராம் அளவே. எல்லை கடந்தால் வலிப்பு வரலாம், இருதயம் நிற்கலாம். அந்நேரத்தில் உயிர் காக்கும் கருவியும், அதைக் கையாளத் தெரிந்தவரும் அறையில் இருத்தல் வேண்டும். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியிட்ட நெறிமுறையில், இச்சிகிச்சையை முறையாகப் பயின்ற வைத்தியரே செய்தல் வேண்டும் என்றும், இணையத்திற் காணொளி பார்த்தல் பயிற்சியாகாது என்றும் எழுத வேண்டியதாயிற்று. அப்படி எழுத நேர்ந்ததே நிலைமையை விளக்கும்.

கடல் கடந்து போக வசதியில்லாதோர், திரையிலே வைத்தியரைக் கண்டு பேசலாமே என்பர். முதலறிமுகத்திற்கு அது உதவும், நானும் மறுக்கவில்லை. ஆனால் இந்தியா 2020இல் வகுத்த தொலைமருத்துவ நெறிமுறை, அந்நாட்டு எல்லைக்கு வெளியே நிகழும் ஆலோசனைக்கு இடமளிக்கவில்லை. திரையிற் பெற்ற வாக்குறுதி பிழைத்தால், நுகேகொடையில் இருந்துகொண்டு எந்தக் கதவைத் தட்டுவது? மேலும், பின்மண்டை முடியின் அடர்த்தியை எந்தப் படமும் அளந்து சொல்லாது. வைத்தியரின் பெயரைக் கேட்டு அந்நாட்டுப் பதிவேட்டிற் பார்ப்பதற்கு மட்டும் பயணம் வேண்டியதில்லை. இந்திய மருத்துவப் பதிவேட்டையும், எமது இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டையும் வீட்டிலிருந்தே இணையத்திற் பார்க்கலாம். நம் நாட்டுத் தனியார் வைத்திய நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும், அதையும் விசாரிக்கலாம். தையலிட்ட காயம் சீழ்கொண்டால் ஊரில் எவர் பார்ப்பார் என்பதையும் புறப்படுமுன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். குடும்ப வைத்தியரின் கடிதமும், குருதிப் பரிசோதனை முடிவுகளும் கடவுச்சீட்டோடு சேர்ந்து போகவேண்டியவை.

திரும்பும் விமானத்திலே மருமகன் நெடுநேரம் பேசவில்லை. மேகத்துக்கு மேலே வந்தபின், "மாமா, உங்கள் தலையையும் பார்த்தாரே, அதற்குத் தனிக்கட்டணம் கேட்கவில்லையே" என்றான். அதுதான் அன்று அவன் வாயிலிருந்து வந்த முதற் சிரிப்பு. கொழும்பு வந்த மறுநாள், தன்னுடைய அப்போதைய தோற்றத்தைப் படமெடுத்து, முந்திய படம் பழையது என்ற குறிப்புடன் யாழ்ப்பாணத்திற்குத் தானே அனுப்பினான். தமக்கையார் இரண்டு நாள் உண்ணவில்லை. மூன்றாம் நாள் பெண்ணின் தந்தையார் தொலைபேசியிலே பேசினார். நாட்குறித்த விடயத்தைத்தான் பேசினார், முடியைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வருகிற ஆவணியிலே மருமகன் மீண்டும் சென்னைக்குப் போகவேண்டும். செய்துகொள்வதா, விடுவதா என்பதை அவனும் அவன் மனைவியும் சேர்ந்து தீர்மானிப்பார்கள். கைக்குட்டையிற் சுற்றி வந்த அந்த இரண்டு காப்புகளும் தை மாதத்திலே மணமகளின் கைக்குச் சென்றன.