ஏரியில் தலைகீழ், சுவரில் நேர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இயற்பியல் வாத்தியாரைக் கூப்பிட்டால் வேறென்ன பேசுவான்? முகம் பார்க்கிற கண்ணாடியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். முக்கியமாக உங்களுக்குத்தான் இது.

சமதள ஆடியின் பிம்பத்துக்கு நாம் போர்டில் எழுதிப் போடுவது என்ன? நேரானது, மாய பிம்பம், பொருளின் அளவே உள்ளது, பொருள் ஆடிக்கு முன்னால் எவ்வளவு தூரமோ பிம்பம் அவ்வளவு பின்னால், இடவல மாற்றம் உடையது. ஐந்து வரி, ஐந்து மார்க். கடைசி வரியில்தான் எனக்கு வழக்கு.

பாகூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், எடம் வலமா மாறுதுன்னா, தலை ஏன் காலா மாறல? கண்ணாடிக்கு எது எடம், எது மேலேன்னு எப்படி சார் தெரியும்?" 9-ஆம் நூற்றாண்டிலேயே வித்யாஸ்தானம் நடந்து, அதற்கு மூன்று ஊர்களை மானியமாக விட்டதாக நிருபதுங்கவர்மனின் செப்பேடு சொல்கிற ஊர் அது. கேள்வி அங்கிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை. பரீட்சையில் அவள் "இடவல மாற்றம் இல்லை" என்று எழுதினாள். ஒரு மார்க் போச்சு. அந்த மார்க் அவளுக்குச் சேரவேண்டியது என்பது என் கட்சி.

எப்படி என்கிறீர்களா? வடக்கே பார்த்துக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். கிழக்குப் பக்கக் கையைத் தூக்குங்கள். பிம்பத்திலும் கிழக்குப் பக்கக் கைதான் உயரும். தலை மேலே, கால் கீழே. மாறியது ஒன்றே ஒன்று: உங்கள் மூக்கு வடக்கே, பிம்பத்தின் மூக்கு தெற்கே. கண்ணாடி முன்னைப் பின்னாக்குகிறது, அவ்வளவுதான். பிம்பத்தை ஒரு ஆளாக நினைத்து, அந்த ஆள் சுற்றி வந்து நம் எதிரே நிற்பதாகக் கற்பனை செய்துகொள்கிறோமே, அங்கேதான் இடமும் வலமும் மாறிப்போகின்றன.

இப்போது பாகூர் ஏரிக்கரைக்கு வாருங்கள். காற்றில்லாத காலையில் தண்ணீரில் பனைமரம் தலைகீழாகத் தெரியும். சுவர்க் கண்ணாடியில் நேராகத் தெரிந்தது இங்கே ஏன் கவிழ்ந்தது? சட்டம் மாறவில்லை, ஆடி படுத்துவிட்டது. தன் பரப்புக்குச் செங்குத்தான திசையைத்தான் ஆடி திருப்பும். சுவரில் அது முன்-பின், ஏரியில் மேல்-கீழ்.

இன்னொன்று. நடவுக்குத் தயாரான வயலில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் நிற்கும். அதிலும் வரப்புப் பனை முழுசாகத் தெரியும். 40 அடி மரத்தின் உச்சி 40 அடி ஆழத்தில் தெரிகிறது. அங்கே இருப்பதோ சேறு! மரத்திலிருந்து வரும் ஒளி நீரில் பட்ட கோணத்திலேயே திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. வளைந்து வந்த கதை கண்ணுக்குத் தெரியாது. வந்த கதிரை நேராகவே பின்னுக்கு நீட்டிப் பார்த்து, அங்கே மரம் இருக்கிறது என்கிறது. மாய பிம்பம் என்றால் இதுதான். 'திரையில் பிடிக்க முடியாது' என்று மனப்பாடம் செய்கிற பிள்ளையை ஒருநாள் வரப்புக்கு அழைத்துப் போனால் போதும்.

"அப்படின்னா எழுத்து மட்டும் ஏன்யா திரும்பித் தெரியுது?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. எழுத்தைத் திருப்பியது நீங்கள்! தாளைக் கண்ணாடிக்குக் காட்டும்போது உங்கள் கைதான் அதைத் திருப்பியது. நிறமில்லாத பாலித்தீன் தாளில் 'பாகூர்' என்று எழுதி, நீங்கள் படிக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள். தாளிலும் 'பாகூர்', கண்ணாடியிலும் 'பாகூர்'.

வீட்டுக்கு உதவுகிற சேதி ஒன்று. முழு உருவம் பார்க்க ஆளுயரக் கண்ணாடி வாங்கிப் பணத்தைப் போடாதீர்கள். உயரத்தில் பாதி போதும். ஐந்தரை அடி ஆளுக்கு 2 அடி 9 அங்குலம். மேல் விளிம்பு கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் வரும்படி மாட்டவேண்டும். சின்னக் கண்ணாடி முன் பின்னால் நகர்ந்து போனால் கால் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. எவ்வளவு தூரம் போனாலும் தெரியாது.

நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிவிட்டன. இடவல மாற்றம் மட்டும் மாறாமல் புத்தகத்தில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். காரணத்தோடு மறுத்து எழுதுகிற பிள்ளைக்கு அந்த ஒரு மார்க்கைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மேசைமேல் நாலைந்து பாலித்தீன் தாளும் ஒரு மார்க்கர் பேனாவும் வைத்திருக்கிறேன். கை கழுவுகிற இடத்தில் கண்ணாடி இருக்கிறது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பார்த்துவிட்டு வாருங்கள்.