ஸ்லைஸ் அடியுடன் திரும்பி வாருங்கள்
(நூற்றாண்டு விழா விளையாட்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பாடசாலையை விட்டதோடு ரெனிஸ் றக்கெற்றையும் விட்டவர்கள் எங்களுள் பலர். மீண்டும் விளையாட அழைத்தால், "இனி ஓட ஏலாது, கையில் பலமில்லை" என்கிறார்கள். அவர்களை எண்ணியே இன்று பாக்ஹான்ட் ஸ்லைஸ் பற்றிப் பேசுகிறோம். பந்தின் அடிப்பக்கத்தைச் சீவி, அதைப் பின்னோக்கிச் சுழலவிடும் அடி இது. இதற்குப் பலத்தைவிட ஒழுங்கே முக்கியம். ஒரு கையால் அடிப்பதால் சற்றுத் தூரத்துப் பந்தும் எட்டும்.

வலக்கையால் ஆடுவோருக்குச் சொல்கிறோம், இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளுங்கள். சுத்தியலைப் பிடிப்பதுபோல் றக்கெற்றைப் பிடியுங்கள். பந்து இடப்பக்கம் வருவது தெரிந்தவுடன் தோள்களைத் திருப்புங்கள். இடக்கை றக்கெற்றின் கழுத்தைப் பிடித்து, அதைத் தோள் உயரத்துக்குக் கொண்டுபோகட்டும். வலக்காலை முன்வைத்து, பந்து உடம்புக்குச் சற்று முன்னால் இருக்கும்போதே அடியுங்கள். றக்கெற்றின் முகம் சிறிது மேல்நோக்கியிருக்க வேண்டும், மணிக்கட்டு தளரக்கூடாது. அடிக்கும்போது இடக்கையைப் பின்னே நீட்டினால் உடம்பு முன்பக்கம் திரும்பிவிடாது.

பலர் விறகு கொத்துவதுபோல் நேரே கீழே வெட்டுகிறார்கள். அப்படி வெட்டினால் பந்து வலையைத் தாண்டாது. தாண்டினாலும் வலுவின்றி மிதந்து, எதிராளிக்கு வாய்ப்பாக விழும். றக்கெற் மேலிருந்து இறங்கினாலும், பந்து போகும் திசையில் முன்னே நீளவேண்டும். அவ்வாறு அடித்த பந்து தாழ்வாகச் சென்று, தரையில் பட்ட பின்பும் அதிகம் எழும்பாது. எதிராளி குனிந்து, அதைத் தூக்கி அடிக்கவேண்டி வரும். பந்து மெதுவாகப் போவதால், நாங்கள் நடுவிடத்துக்குத் திரும்பவும் நேரம் கிடைக்கும்.

இதை இயலாதவர்களின் அடியென்று எண்ணவேண்டாம். ஸ்ரெஃபி கிராஃப் 1988இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களையும் சியோல் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார். அவர் பாக்ஹான்ட் பக்கத்தில் பெரும்பாலும் அடித்தது ஸ்லைஸையே. 2021இல் விம்பிள்டனை வென்ற ஆஷ்லி பார்ட்டிக்கும் இது பேர்பெற்ற ஆயுதமாக இருந்தது.

முதல் நாளே வேகம் வேண்டாம். தோழி ஒருத்தி பந்தை மெதுவாகப் போட, வலைக்குக் கிட்ட நின்று பத்துப் பத்தாக அடித்துப் பழகுங்கள். பந்து தாழ்வாகப் போகத் தொடங்கியதும் பின்கோட்டுக்குச் செல்லுங்கள்.

எந்த நாட்டில் இருந்தாலும், பக்கத்து மைதானத்துக்கு ஒரு மாலை போய்ப் பாருங்கள். மகள்மாரையும் பேத்திமாரையும் கூட்டிச் செல்லுங்கள். பாடசாலை எங்களுக்குத் தந்த விளையாட்டு பாடசாலையோடு முடியவேண்டியதில்லை.