அடி எண்ணும் ஆட்டம்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் கூடியிருக்கிறது. இளம் நாவலாசிரியர் ஒருவர் நடுநாயகமாக வீற்றிருக்கிறார். திடீரெனச் சாளரத்தின் வழியே ஒரு கோல்ஃப் பந்து சீறி வந்து விழுகிறது. பந்தைத் தொடர்ந்து ஆட்டக்காரரும் வந்து சேர்கிறார். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸ் 1922இல் வெளியிட்ட ‘தி கிளிக்கிங் ஆஃப் கத்பர்ட்’ என்னும் தொகுதியின் தலைப்புக் கதையில் வரும் காட்சி இது. அந்தப் பந்தை இன்று நம் அவையிலும் உருட்டிப் பார்க்க விழைகிறேன். அடியை எண்ணுவது அவர்களுக்கும் நமக்கும் பொதுவான தொழிலன்றோ!

ஸ்காட்லாந்தில் வளர்ந்த இவ்வாட்டம், வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறாகிறது என்று 1457இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தால் தடைசெய்யப்பட்டது. தடையைக் கடந்து வாழ்ந்த ஆட்டம், தனக்கெனச் சொல்வளமும் சேர்த்துக்கொண்டது. தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை முடிக்க இத்தனை அடி என்னும் அளவுக்குப் பெயர் ‘பார்’. ‘சமம்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். அதனினும் ஓர் அடி குறைந்தால் ‘பேர்டி’ என்னும் சிறு பறவை. இரண்டு குறைந்தால் ‘ஈகிள்’ என்னும் கழுகு. மூன்று குறைந்தால் கடல் கடக்கும் ‘ஆல்பட்ராஸ்’. ஓர் அடி கூடினாலோ ‘போகி’. நம் போகிப் பண்டிகைக்கும் இதற்கும் உறவில்லை. 1890ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் பாடப்பட்ட மேடைப் பாட்டொன்றின் பூச்சாண்டி தந்த பெயர் அது. முதலில் அடையவேண்டிய அளவையே குறித்த அச்சொல், பின்னரே பிழையைக் குறிக்கலாயிற்று. நறுமணத்தைச் சுட்டிய ‘நாற்றம்’ நம்மிடம் அடைந்த கதியும் இதுவே.

இனி, விடுமுறை நாளில் மட்டை பிடிக்கும் மன்ற உறுப்பினரைக் காண்போம். வலக்கையர் அடித்த பந்து வலப்புறம் வளைந்தோடினால் ‘ஸ்லைஸ்’. இடப்புறம் வளைந்தால் ‘ஹூக்’. மட்டை காற்றை மட்டும் வெட்டினால் ‘விஃப்’. காற்றை வெட்டியவரோ அதனை ஒத்திகை என்பார். முதல் அடி கெட்டால் ‘மல்லிகன்’ என்று கூறி இன்னொரு பந்தை வைப்பார். விதிகள் அதனை ஏற்பதில்லை. புதரில் கிடக்கும் பந்தைக் காலால் மெல்ல நகர்த்துவார். அந்தக் காலுக்கும் ‘ஃபுட் வெட்ஜ்’ என்று மட்டையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்!

இவற்றுள் என் நெஞ்சைத் தைத்த சொல் ‘கிம்மீ’. பந்து குழியருகே நிற்கிறது. இன்னும் ஓர் அடி தேவை. ‘விழுந்ததாகவே கொள்வோம், எடுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார் எதிராளி. குழிக்குக் குழி வெற்றி தோல்வி காணும் ஆட்டத்தில் விதியே இதற்கு இடந்தருகிறது. மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில் பந்து விழுந்தே தீரவேண்டும். நண்பர் குழாமோ அங்கும் இச்சலுகையை வழங்கிக்கொள்ளும். இன்று நீங்கள் எனக்கு, நாளை நான் உங்களுக்கு.

அன்பர்களே, இப்பத்தாண்டுகளில் நாம் ஒருவர்க்கொருவர் வழங்கிய கிம்மீக்கள் எத்தனை? குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்ற கவிதைக்குக் கைதட்டியிருக்கிறோம். அணிந்துரை வேண்டி வந்த தொகுப்பொன்றில் ஈற்றடிகள் அமையவில்லை என்று அறிந்தும், ‘முழுமை பெற்ற கவிதைகள்’ என எழுதியவள் நான். அக்கவிஞர் அடுத்த தொகுப்பிலும் அதே இடத்தில்தான் நின்றார். அவர் அடிக்கவேண்டிய கடைசி அடியை நான் தடுத்துவிட்டேன்.

1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ், அடிக்க ஆயத்தமானபோது பந்து சற்றே அசைந்ததென்று தம்மீது தாமே ஓர் அடி தண்டம் விதித்துக்கொண்டார். பிறர் எவரும் அதனைக் கண்டிலர். அந்த ஓர் அடியால் ஆட்டம் சமநிலையில் முடிய, அதன்பின் நடந்த ஆட்டத்தில் வாகை கைநழுவிற்று. அவரும் பொருளுக்காக ஆடாத அமெச்சூர் ஆட்டக்காரரே என்பதை நினைவிற் கொள்க.

எந்த அடி தானாக விழுந்தது, எந்த அடி காலால் நகர்த்தப்பட்டது என்பது எழுதியவருக்குத் தெரியும். ஆயினும், அதனை எடுத்துச் சொல்லும் துணிவு உடனிருப்போர்க்கும் வேண்டும். பதினோராம் ஆண்டு முதல், ஒவ்வொரு கவியரங்கத்தின் இறுதியிலும் அரைமணி நேரத்தை, ‘இவ்வடி இன்னும் விழவில்லை’ என்று அன்போடு சொல்வதற்கென ஒதுக்குமாறு வேண்டுகிறேன். என் உரையிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.

வட்டம் வாழ்க!