பாறைக்குள் போகும் குழாய்க்கு மண் மெத்தை

பல்லாவரத்திலிருந்து வண்டலூர், கூடுவாஞ்சேரி வழியாக ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களுக்கு வழியோரக் குன்றுகள் பழக்கமானவை. அவற்றில் பல சார்னோக்கைட் என்னும் கருங்கல். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையை மூடியிருந்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் சூட்டிய பெயர் இது.

அந்தக் கல்லுக்குள் குழாய் பதிக்கிறவர்கள் பாடுதான் கொஞ்சம் கஷ்டம்.

வெடி வைத்துப் பிளந்த கருங்கல்லின் விளிம்பு அரிவாள் மாதிரி. எரிவாயு, எண்ணெய் கொண்டுபோகும் எஃகுக் குழாயை அது சுலபத்தில் உடைத்துவிடாது. குழாயின் சட்டையை, அதாவது மேல்பூச்சைத்தான் கிழிக்கும். எபாக்சி, பசை, பாலிஎத்திலீன் என்று மூன்று அடுக்கு. எல்லாம் சேர்ந்தே சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஒரு கீறல் விழுந்தால் ஈரம் உள்ளே போகும், துரு தொடங்கும். துருவைத் தடுக்க மண் வழியாகக் குழாய்க்குச் சிறு மின்னோட்டமும் கொடுப்பார்கள். கீறல்கள் கூடக்கூட அதற்கும் வேலை கூடும்.

இந்த வேலையில் பார்க்கவும் கேட்கவும் சுவாரசியமான கட்டம் ஒன்று உண்டு. குழாயைப் பள்ளத்தில் இறக்குமுன் ஒருவர் ஸ்பிரிங் வளையம் ஒன்றைக் குழாய்மேல் உருட்டிக்கொண்டே நடப்பார். அதில் 25,000 வோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கும். சட்டை முழுசாக இருந்தால் சத்தமே வராது. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் 'படக்'கென்று பொறி பறக்கும், மணி அடிக்கும். உடனே சாக்பீஸால் வட்டம் போட்டு, ஒட்டுப் போட்டு, மறுபடி உருட்டிப் பார்ப்பார்கள். கருவியின் பெயர் 'ஹாலிடே டிடெக்டர்'. பூச்சு விடுபட்ட இடத்துக்கு அந்தத் தொழிலில் 'ஹாலிடே' என்று பெயர், நேயர்களே. பூச்சு லீவு போட்ட இடம்!

சோதனை முடிந்தால் மெத்தை. பள்ளத்தின் அடியில் சுமார் 15 சென்டிமீட்டருக்குச் சலித்த மண்ணோ மணலோ பரப்பி, குழாயை இறக்கி, சுற்றிலும் மேலேயும் அதே மண்ணைப் போடுவார்கள். கல் கலந்த மண்ணுக்கு அதன்பிறகுதான் அனுமதி. சலித்த மண் கிடைக்காத இடத்தில் தடித்த வலைப்பாய் சுற்றுவதும் உண்டு.

ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் அடியில் துளை போட்டுக் குழாயை இழுக்கும்போது மெத்தைக்கு வழியில்லை. அங்கே சட்டைக்கு மேல் இன்னொரு கெட்டியான பூச்சு. மறுபக்கம் வெளியே வரும் முதல் சில மீட்டரைப் பொறியாளர்கள் குனிந்து தடவிப் பார்ப்பார்கள். உள்ளே பாறை என்ன செய்தது என்பதை அந்தக் கீறல்கள் சொல்லிவிடும்.

நேரம் நெருங்கிவிட்டது. நம் தெருக்களில் குடிநீருக்குப் பதிக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்க்கும் இதே கதைதான். சுவரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கீறல் ஆழமாக இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட வேண்டும். உங்கள் வாசலில் குழாய்மேல் நேரடியாகக் கருங்கல் ஜல்லியைக் கொட்டினால், முதலில் மணல் போடச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.