முள் வீழ்ந்தால் என் செய்வது?

பழைய பிக்கப் வண்டியொன்றை நம்பிப் பிழைப்பு நடத்துவோர் நம் நாட்டில் இன்றும் பலர் உளர். தோட்டத்து விளைவைச் சந்தைக்குக் கொண்டுசெல்வோர், மீன்பெட்டி ஏற்றுவோர், கட்டட வேலைக்குச் சீமெந்து சுமப்போர் ஆகிய இவர்களுக்கு வண்டிதான் முதல். அத்தகைய வண்டிகள் பலவற்றில், சாரதிக்கு எதிரேயுள்ள பலகையிற் சிறியதொரு வட்டக் கருவி உண்டு. எஞ்சினுள் ஓடும் ஒயிலின் அமுக்கத்தை அது காட்டும். அதன் முள் திடீரெனக் கீழே வீழ்ந்தால் நாம் என் செய்வது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் பொறியியல் கற்றவன் அல்லன், கலைப்பட்டதாரி, ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபர். எனினும் இந்த முள்ளிடம் இரண்டு தடவை பாடங் கேட்டவன். முதற் பாடத்துக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை பெரிது.

1982ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. என் தந்தையாரிடம் இங்கிலாந்திற் செய்யப்பட்ட அரைத்தொன் பிக்கப் ஒன்று இருந்தது. சுன்னாகத்திலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குச் செல்வது அவர் தொழில். முந்திய ஆண்டில் ஒருநாள் அவ்வண்டியின் ஒயில் முள் பூச்சியத்துக்கு வீழ்ந்தது. கராச்சிற் பார்த்தபோது, அமுக்கமானிக்குச் செல்லும் வயர் தளர்ந்திருந்தமையே காரணம் எனத் தெரிந்தது. வயரை இறுக்கினார்கள், முள் எழுந்தது. ஆயின், அன்று தொடக்கம் ‘இது பொய் சொல்லும் முள்’ என்ற எண்ணம் தந்தையார் மனத்தில் வேரூன்றிவிட்டது.

பாடசாலை விடுமுறையில் நானும் அவருடன் ஒரு பயணம் சென்றேன். ஆனையிறவைக் கடக்கும்போது முள் கீழே இறங்குவதைக் கண்டு, “ஐயா, ஒயில் முள் விழுந்திட்டுது” என்றேன். “அது பழைய வயர்க் கோளாறு தம்பி. வவுனியாவிலை பாப்பம்” என்றார் அவர். பரந்தனை அடையுமுன் எஞ்சினிலிருந்து சுத்தியலால் அடிப்பது போன்ற ஒலி எழுந்தது. சிறிது தூரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தோம். ஒயில் வடிக்கும் திருகாணி தளர்ந்து, ஒயில் முழுவதும் வழியெங்கும் சிந்திப் போயிருந்தது. அன்று முள் உண்மையே சொன்னது; அதனைக் கேட்பார்தாம் இல்லை. எஞ்சினைத் திருத்துவதற்காக எங்கள் தோட்டக்காணி ஈடு வைக்கப்பட்டது. அதனை மீட்க ஆறு ஆண்டுகள் சென்றன.

நேயர்களே, ஒயிலின் அமுக்கம் ஏன் இத்துணை முக்கியமானது? எஞ்சினுள்ளே சுழலும் தண்டு தன் பேரிங்குகளை நேரே தொட்டுச் சுழல்வதில்லை. இரண்டுக்கும் இடையே மயிரிழையினும் மெல்லிய ஒயிற் படலம் ஒன்று உண்டு. அடித்தொட்டியில் உள்ள ஒயிலை ஒரு பம்பி உறிஞ்சி, சிறு துவாரங்களின் வழியே அவ்விடங்களுக்குத் தள்ளுகிறது. அவ்வொயில் தடையின்றிப் போய்ச் சேருகின்றது என்பதற்கு அமுக்கமே சான்று. படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். பேரிங்கின் மென்மையான உலோகம் சில நிமிடங்களிற் சிதைந்துவிடும்.

அமுக்கத்தைக் காட்டும் கருவிகள் இருவகைப்படும். முதல்வகையில், எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று ஒயிலையே சாரதியின் பலகை வரை கொண்டுவருகிறது. அங்கே வளைந்த தட்டைக் குழலொன்று அமுக்கத்தால் நிமிர முயன்று முள்ளை நகர்த்துகிறது. இவ்வமைப்புக்கு யூஜின் பூர்டொன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1849இற் காப்புரிமை பெற்றார். இவ்வகையிற் குழாய் அடைபட்டாலோ, நசுங்கினாலோ, ஒழுகினாலோ முள் தவறு காட்டும்.

இரண்டாம் வகை மின்சாரத்தால் இயங்குவது. எஞ்சினின் பக்கத்திற் சிறு கிண்ணம் போன்ற உறுப்பொன்று திருகப்பட்டிருக்கும். செய்தியை அனுப்புவதால் அதனை நாம் ‘அனுப்பி’ என்போம். அதனுள்ளிருக்கும் மெல்லிய தகடு ஒயிலின் அமுக்கத்தால் அசைய, மின்தடை மாறுகிறது. அம்மாற்றத்தை ஒரு வயர் முள்ளுக்குக் கொண்டுசெல்கிறது. ஆகவே இங்கே பிழை நிகழக்கூடிய இடங்கள் நான்கு: முள் உள்ள கருவி, வயர், அனுப்பி, எஞ்சின். இந்நான்கில் எது பிழைத்தது என்பதைத்தான் நாம் முறையாகக் கேட்டறிதல் வேண்டும்.

முதலிற் செய்ய வேண்டியது யாது? வண்டியை வீதியோரம் நிறுத்தி எஞ்சினை உடனே அணைத்தல். ‘அடுத்த சந்திவரை போவோம்’ என்ற எண்ணமே கேடு. முள் பொய் சொல்லியிருந்தால் நமக்கு நட்டம் கால்மணி நேரம். மெய் சொல்லியிருந்தால் நட்டம் ஓர் எஞ்சின்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சில நிமிடங்கள் பொறுத்து, ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் இட்டு எடுத்துப் பாருங்கள். வண்டியின் கீழேயும் குனிந்து பாருங்கள். ஒயில் குறைந்திருந்தால், ஒழுக்கைக் கண்டு நிறுத்தி, அளவுக்கு ஒயில் விட்ட பின்னரே அடுத்த வேலை. ஒயில் நிறைவாக இருப்பின், எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் இயக்கிச் செவிகொடுங்கள். இடியொலியோ, முன்பு கேளாத கடகட ஒலியோ கேட்டால் மீண்டும் இயக்கவேண்டாம். வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லுங்கள். ஒலி இல்லாவிடினும், அது ஓட்டிச் செல்வதற்கு அனுமதி ஆகாது.

அடுத்து வயர். எஞ்சினை அணைத்துவிட்டு, திறப்பை மட்டும் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியிலிருந்து வயரைக் கழற்றி முள்ளைப் பாருங்கள். பின்னர் அவ்வயரின் நுனியை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிற் சில விநாடி தொடச் செய்யுங்கள். முள் ஓர் எல்லையிலிருந்து மற்ற எல்லைக்குச் செல்லவேண்டும். எந்த நிலையில் எந்த எல்லை என்பது வண்டியின் இனத்தைப் பொறுத்தது. சிலவற்றில் முள் மெல்லவே நகரும். அவ்வாறு நகர்ந்தால் வயரும் கருவியும் குற்றமற்றவை. நகராவிட்டால் வயர், பியூஸ், கருவி ஆகியவற்றுள் ஒன்றிற் பிழை உண்டு. பெற்றோல் முள்ளும் வெப்பமுள்ளும் கூடவே தவறு காட்டினால், அவை யாவற்றுக்கும் பொதுவான மின்வழியைச் சந்தேகிக்க வேண்டும்.

முள் வீழும் விதமும் ஒரு குறிப்புத் தரும். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது துள்ளி வீழ்ந்து, மறுகணம் எழுந்தால் பெரும்பாலும் வயர்ப் பிழை. வளைவிலோ பிரேக் பிடிக்கையிலோ தாழ்ந்தால், ஒயில் குறைந்து பம்பி காற்றை உறிஞ்சுகிறது எனலாம். எஞ்சின் சூடேறச் சூடேற மெல்ல மெல்லத் தாழ்ந்தால், ஒயில் நீர்த்துவிட்டது அல்லது பேரிங் தேய்ந்துவிட்டது என ஐயுறலாம். ஆயினும் குறிப்பு வேறு, தீர்ப்பு வேறு.

தீர்ப்புக்குரிய சாட்சி ஒன்றே. எஞ்சின் ஆறியபின் அனுப்பியைக் கழற்றிவிட்டு, அதே துவாரத்திற் குழாயோடு கூடிய சோதனை அமுக்கமானியைத் திருகி, எஞ்சினை இயக்கிச் சூடேற்றி அளத்தல் வேண்டும். அவ்வண்டிக்குரிய கைநூல் கூறும் அளவே சரியான அளவு. கைநூல் இல்லாதார் பொதுவாகக் கொள்ளும் கணக்கு, நிமிடத்துக்கு 1,000 சுழற்சிக்குச் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் என்பதாகும். எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது அமுக்கம் குறைவாக இருத்தல் இயல்பே.

இனி என் இரண்டாம் பாடம். 2012இல் என் தம்பியும் நானும் கூட்டாக, தந்தையாரின் வண்டியை ஒத்த பழைய பிக்கப் ஒன்றை வைத்திருந்தோம். தம்பி மரக்கறி ஏற்றுவான். ஒருநாள் முள் பூச்சியத்துக்கு வீழ்ந்தது. பரந்தனை மறவாத குடும்பமாதலால், அவன் உடனே நிறுத்திவிட்டான். ஒயில் நிறைந்திருந்தது. வயரைத் தொடச்செய்தபோது முள் முழுதும் எழுந்தது. எனவே கருவியும் வயரும் சரி. வந்த மெக்கானிக், “அப்ப எஞ்சின்தான் போச்சு மாஸ்டர். இறக்கத்தான் வேணும்” என்றார். அவர் கேட்ட தொகை எங்களிடம் இல்லை. என் மனைவி தன் சங்கிலியைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டார்.

அச்சங்கிலியைப் பார்த்தபோதுதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. நான்கிடங்களில் இரண்டைத்தானே விலக்கினோம்? எஞ்சினைக் குற்றஞ்சாட்டுமுன் அனுப்பியை விசாரித்தோமா? வேறொரு கராச்சிலிருந்து சோதனை அமுக்கமானி ஒன்றை இரவல் பெற்றுப் பூட்டினோம். சூடேறிய எஞ்சின் வேகமாக ஓடுகையில் 45 இறாத்தலும், மெதுவாக ஓடுகையில் 15 இறாத்தலும் காட்டிற்று. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. பின்னர் அனுப்பியைப் பார்த்தோம். முந்திய வாரம் அதன் அடியிற் கசிந்த ஒயிலை நிறுத்துவதற்காக, தம்பியே அதன் புரிகளில் தண்ணீர்க் குழாய்களுக்குச் சுற்றும் வெண்ணாடாவைத் தடிப்பாகச் சுற்றியிருந்தான். அனுப்பிக்குரிய மின்சாரம் அப்புரிகளின் வழியேதான் எஞ்சினின் உலோகத்தைச் சேரவேண்டும். நாடா அதனைத் தடுத்துவிட்டது. நாடாவைச் சுரண்டி எடுத்துத் துடைத்துப் பூட்டினோம். முள் எழுந்தது. சங்கிலியும் மேசையிலிருந்து எழுந்தது.

சோதனை அமுக்கமானியும் குறைவாகவே காட்டினால், அப்போதும் எஞ்சினை இறக்க விரையவேண்டாம். ஒயில் பழையதா, இனம் மாறியதா, நீர்த்ததா எனப் பாருங்கள். 1990களிற் பெற்றோல் கிடையாத காலத்தில், யாழ்ப்பாணத்து வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனின் ஓரமாக இறங்கி ஒயிலோடு கலந்து, அதனைத் தண்ணீர்போல் ஆக்கிவிடும், அமுக்கமும் வீழும். அவ்வாறு கலந்த ஒயிலுக்கு மருந்து புதிய ஒயிலே. அதன்பின், மிகையமுக்கத்தைத் திறந்துவிடும் வால்வு தூசியால் திறந்தபடி சிக்கியுள்ளதா, அடித்தொட்டியின் வடி அடைபட்டுள்ளதா எனப் பார்க்கவேண்டும். பம்பியும் பேரிங்கும் கடைசியில்.

என் தந்தையார் முள்ளை நம்பாமற் கெட்டார். நாங்கள் முள்ளை முழுதும் நம்பிக் கெடவிருந்தோம். இரண்டும் வேறு பிழைகள் போலத் தோன்றினும் வேர் ஒன்றே: விசாரணைக்கு முன் தீர்ப்பு. பாடசாலையிலும் இதனை நான் நாள்தோறும் காண்கின்றேன். ஒரு பிள்ளையின் புள்ளி வீழ்ந்தால், ‘இவன் எப்போதும் இப்படித்தான்’ என்று விட்டுவிடுவாரும் உளர். ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்று முடிவுகட்டுவாரும் உளர். வீட்டில் விளக்கு உண்டா, கண்பார்வை சரியா, காலையில் உண்டு வந்தானா என்று கேட்பார் சிலரே.

எனவே முள் வீழ்ந்தால், முதலில் நிறுத்துங்கள்; அடுத்து ஒயிலைப் பாருங்கள்; பின் வயரைச் சோதியுங்கள்; முடிவிற் சோதனை அமுக்கமானியாற் கேளுங்கள். அதுவரை முள்ளைப் பொய்யன் என்றும் சொல்லவேண்டாம். எஞ்சினைச் செத்தது என்றும் சொல்லவேண்டாம்.