அம்மா பழகிய சைக்கிள்

ஆலங்குடி கடைவீதியில் கேரியரில் பூக்கூடை கட்டிய ஒரு அக்கா சைக்கிளில் கடந்து போனால், என் பள்ளிக்கூட நாட்கள் கண்முன் வந்துவிடும்.

1991. புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு புகட்டும் அறிவொளி இயக்கம் பிறந்த நேரம். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுத்தர வழிசெய்தார். எவ்வளவு பெரிய மனசு!

என் அம்மா பகலெல்லாம் கடலைக்காட்டில் களையெடுப்பார். இருட்டியதும் அரிக்கேன் வெளிச்சத்தில், என் உடைந்த சிலேட்டில் தன் பெயரை எழுதி எழுதி அழிப்பார். சாயங்காலம் பள்ளி மைதானத்தில் அப்பாவின் பார் வைத்த சைக்கிள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் மிதிக்க, சீட்டைப் பிடித்தபடி நான் பின்னால் ஓடுவேன். “விட்றாதடா தம்பி!” என்பார். நான் எப்போதோ விட்டிருப்பேன்.